முன்னணியில் நின்ற தமிழ்மகன்

(நந்திதுர்க் குடியிருப்பில், நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்கத்து மேடை என்றால் இலக்கியம் பேசுவது மரபு. சிலம்பைப் பற்றியோ குறளைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். ஆனால் நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் கால்பந்து. இது என்ன, தமிழ்ச் சங்கத்தில் பந்தாட்டப் பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ் வளர்வது ஏட்டில் மட்டுமன்று. தமிழ் பேசும் மக்கள் வாழும் தெருவிலும், அவர்கள் பிள்ளைகள் ஆடும் திடலிலும் அது வளர்கிறது. சொந்த மண்ணை விட்டுப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த பிள்ளை, ஒரு பந்தைக் காலால் தொட்டு நாட்டுக்குப் பெருமை தேடித் தந்த வரலாறு நம் வரலாறும் ஆகும். அந்த வரலாற்றைச் சொல்லி, அதிலிருந்து நம் சங்கம் செய்ய வேண்டிய கடமை யாது என்று ஆராய்வதே என் நோக்கம்.

அவர் பெயர் துளசிதாஸ் பலராம். பிறந்த ஆண்டு 1936. பிறந்த இடம் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடா என்ற சிற்றூர். பெற்றோர் தமிழர்.

பந்து வந்த வழி

பலராமைப் பற்றிச் சொல்லுமுன், இந்தப் பந்து நம்மிடம் வந்து சேர்ந்த வழியைச் சற்றுக் காண்போம்.

கால்பந்து நம் நாட்டுக்குள் மூன்று வாயில்களின் வழியே நுழைந்தது எனலாம். ஒன்று பட்டாளம், மற்றொன்று ரயில்வே, மூன்றாவது ஆலையும் சுரங்கமும். வெள்ளையர் எங்கே முகாம் அடித்தார்களோ, எங்கே தண்டவாளம் போட்டார்களோ, எங்கே குழி தோண்டினார்களோ, அங்கெல்லாம் மாலை நேரத்தில் பந்து உருண்டது. அந்த மூன்று இடங்களிலும் உழைக்க வந்தவர்களில் தமிழர் மிகுதி. செகந்திராபாத்துக் கண்டோன்மெண்டிலும், பெங்களூர்க் கண்டோன்மெண்டிலும், பெரம்பூர், போத்தனூர் ரயில்வே குடியிருப்புகளிலும், இந்தக் கோலார் தங்கவயலிலும் தமிழ்ப் பிள்ளைகள் பந்தாடக் கற்றது இவ்வாறுதான்.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தொழிலைத் தொடங்கிய பின், இங்கிலாந்திலிருந்து, சிறப்பாகக் கார்ன்வால் பகுதியிலிருந்து, சுரங்கத் தொழில் அறிந்தோர் பலர் வந்தனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் வந்தனர். அவர்கள் பங்களாவில் இருந்தார்கள். நாம் லைன் வீடுகளில் இருந்தோம். அவர்கள் கிளப்புக்குள் நமக்கு இடம் கிடையாது. ஆனால் பந்து வேலியைத் தாண்டி வந்தது. பந்துக்கு ஏது சாதி? பந்துக்கு ஏது நிறம்?

சீமையில் ஒரு முன்னணி வீரர்

இந்த ஆட்டம் தோன்றிய இங்கிலாந்தில் அக்காலத்து ஆட்டக்காரரின் வாழ்க்கை எப்படி இருந்தது? இன்று நாம் தொலைக்காட்சியில் காணும் கோடீசுவரர்களை எண்ணி மயங்க வேண்டா. 1961-ஆம் ஆண்டு வரை அங்கே ஓர் ஆட்டக்காரருக்கு இவ்வளவுக்கு மேல் வாரச் சம்பளம் தரலாகாது என்று விதியே இருந்தது. அந்த உச்சவரம்பு கடைசியாக 20 பவுன். பெரிய கழகத்தில் ஆடுபவர்க்கே இதுதான் எல்லை என்றால், மூன்றாம், நான்காம் பிரிவுகளில் ஆடிய சிறிய கழகத்தாரின் நிலை என்ன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அத்தகைய பிரிவுகளில் ஆடிப் பெயர் பெற்ற முன்னணி வீரர் ஒருவரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அவர் பெயர் ஆர்தர் ரௌலி. 1926-இல் உல்வர்ஹாம்ப்டனில் பிறந்தவர். வெஸ்ட் பிராம்விச்சுக்காக 4 கோல், புல்ஹாமுக்காக 27, லெஸ்டர் நகரத்துக்காக 251 அடித்தார். பிறகு 1958-இல் ஷ்ரூஸ்பரி என்ற சிற்றூர்க் கழகத்துக்கு ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் போய்ச் சேர்ந்தார். அவ்வாண்டுதான் நான்காம் பிரிவு புதிதாகத் தொடங்கப்பட்டது. முதல் பருவத்திலேயே அக்கழகத்தை மூன்றாம் பிரிவுக்கு உயர்த்தினார். 1965 வரை அங்கே ஆடி மேலும் 152 கோல் அடித்தார். கூட்டிப் பாருங்கள்: 434. இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் இதற்கு மேல் அடித்தவர் இன்றுவரை எவரும் இலர். ஆயினும் தம் நாட்டு முதல் அணியின் சட்டையை ஒருமுறையேனும் அணியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

ரௌலி 2002-இல் மறைந்தார். அவருக்கு நாட்டின் சட்டை கிடைக்கவில்லை. ஆனால் கணக்கு கிடைத்தது. சின்னஞ்சிறு ஊரில், மழைச் சேற்றில், சில ஆயிரம் பேர் நடுவில் அடித்த கோலும் ஏட்டில் ஏறியிருக்கிறது. எந்த நாள், எந்த ஊர், எதிரணி எது என்று இன்றைக்கும் ஒருவர் எடுத்துப் பார்க்கலாம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

வெறுங்காலும் பூட்ஸும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். விடுதலை பெற்ற இந்தியா முதன்முதலாக ஒலிம்பிக் கால்பந்தில் ஆடியது 1948-இல், லண்டனில். ஜூலை 31-ஆம் நாள், லண்டனை அடுத்த இல்ஃபோர்டில், பிரான்சு அணியை எதிர்த்து நம்மவர் ஆடினர். பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின. 2-க்கு 1 என்ற கணக்கில் தோற்றோம். அந்த ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அன்றைய மைசூர் இராச்சியத்து மைதானங்கள் நன்கறிந்த முன்னணி வீரர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1952-இல், ஹெல்சிங்கி நகரில் யூகோஸ்லாவியா நம்மை 10-க்கு 1 என்று வீழ்த்தியது. அந்த ஒரு கோலும் பெங்களூர் அகமது கானுடையது. குளிரும் ஈரமும் மிகுந்த தரையில் வெறுங்கால் வழுக்கியது. அதன் பிறகுதான் பூட்ஸ் அணிந்தே ஆட வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் வந்தது.

இந்தக் கட்டாயம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு விதி. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு மதில். வெறுங்காலுக்குச் செலவில்லை, பூட்ஸுக்குச் செலவு உண்டு. அம்முகுடாவில் பந்து உதைத்துக்கொண்டிருந்த பலராமின் முன்னே இந்த மதில் நின்றது. போலீசார் போட்டுக் கழித்த பழைய பூட்ஸின் தோலைக் கொண்டு செருப்புத் தைப்பவர் ஒருவர் செய்து கொடுத்த ஜோடியை இரண்டு ரூபாய்க்கு வாங்கி அவர் ஆடத் தொடங்கினார் என்பது அவர் வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. மகன் கேட்ட இரண்டு ரூபாய்க்கு அலைந்த தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்

அக்காலத்து ஐதராபாத்தில் சையது அப்துல் ரஹீம் என்ற பெருமகனார் இருந்தார். தொழிலால் ஆசிரியர், ஐதராபாத் நகரப் போலீஸ் அணிக்கும், பிறகு இந்திய அணிக்கும் பயிற்சி அளித்தவர். ஆட்டக்காரனின் காலைப் பார்த்து அவன் நாளை என்ன ஆவான் என்று சொல்லும் கண் படைத்தவர்.

உள்ளூர் லீக் ஆட்டம் ஒன்றில் பலராமைக் கண்ட ரஹீம், ஐதராபாத் அணித் தேர்வுக்கு வரும்படி அழைத்தார். எத்தனை பேருக்குக் கிடைக்கும் அழைப்பு அது! ஆனால் பலராம் தயங்கினார். பயமோ சோம்பலோ காரணம் அன்று. அம்முகுடாவிலிருந்து ஐதராபாத்துக்கு நாள்தோறும் போய்வர அவரிடம் காசில்லை. காரணத்தை அறிந்த ரஹீம், வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொள் என்று நாளொன்றுக்கு ஒரு ரூபாய் கிடைக்க வழி செய்தார்.

அன்பர்களே! இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு ரூபாய் கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பலராம் என்ற ஆட்டக்காரர் அம்முகுடாவோடு முடிந்திருப்பார். எவரும் எதையும் இழந்ததாக உணர்ந்திருக்க மாட்டார்கள். தோண்டாத பாறைக்குள் இருக்கும் தங்கத்தை எவர் அறிவார்? செய்ந்நன்றி அறிதல் என்ற அதிகாரத்தில் வள்ளுவர் உதவியின் பெருமையை அதன் அளவால் அளக்கவில்லை. காலத்தாலும் பயனாலும் அளந்தார். அதற்கு இதனினும் சிறந்த உரை வேண்டுமா?

அந்தச் சைக்கிள் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது தெரியுமா? 1956-இல் பலராம் ஐதராபாத்துக்காகச் சந்தோஷ் கோப்பையில் ஆடினார். திருவனந்தபுரத்தில் நடந்த அப்போட்டியின் இறுதியில் பம்பாயை வென்று கோப்பையை ஐதராபாத் கைப்பற்றியது. அதே ஆண்டு, மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியில் அவர் இடம் பெற்றார். அப்போது வயது 20.

மெல்போர்னில் நம் அணி ஆஸ்திரேலியாவை 4-க்கு 2 என்று வென்று அரையிறுதியை எட்டியது. ஆசிய நாடு ஒன்று ஒலிம்பிக் கால்பந்தில் அவ்வளவு தூரம் சென்றது அதுவே முதல் முறை. யூகோஸ்லாவியாவிடமும் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றோம். வெண்கலம் கைநழுவினாலும், பத்துக் கோல் வாங்கிய நாடு நான்கே ஆண்டுகளில் உலகில் நான்காவதாக வந்தது சிறு செயல் அன்று.

மூவருள் ஒருவர்

1957-இல் பலராம் கல்கத்தா சென்று ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். தென்னாட்டு ஆட்டக்காரர்க்கு அக்கழகம் புதிதன்று. வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்ற ஐவரைப் பஞ்ச பாண்டவர் என்று அந்நகர மக்கள் கொண்டாடிய காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்த வரிசையின் புகழுக்குப் பின்னே வந்து நின்று பெயர் எடுப்பது எளிதன்று. பலராம் எடுத்தார். 1961-இல் அவர் தலைமையில் ஈஸ்ட் பெங்கால், ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, கல்கத்தா லீக் வாகையை மீண்டும் சூடியது.

அவர் எப்படி ஆடினார் என்று இளைஞர்கள் கேட்பீர்கள். முன்னாளில் முன்னணியில் ஐவர் நிற்பர். ரைட் அவுட், ரைட் இன், சென்டர் பார்வர்டு, லெப்ட் இன், லெப்ட் அவுட் என்று நம் குடியிருப்பில் முதியோர் இன்றும் சொல்லும் பெயர்கள் அவை. பலராம் பெரும்பாலும் இடப்புறம் ஆடியவர். தேவைப்பட்டால் முன்னணியின் எந்த இடத்திலும் ஆடவல்லவர். பந்து தம்மிடம் வரட்டும் என்று கோலருகே காத்து நிற்பவர் அல்லர். பின்னே இறங்கிச் சென்று, எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்து, அதைத் தாமே சுமந்து வந்து, தக்க இடத்தில் நிற்கும் தோழனுக்குக் கொடுத்துவிட்டு, மீண்டும் கோலை நோக்கி ஓடுவார். ஆகவே அவருடைய உழைப்பில் பாதி, கோல் கணக்கில் தெரியாது. ஒருவன் குழியில் வெட்ட, ஒருவன் அள்ள, ஒருவன் மேலே ஏற்ற, கடைசியில் கட்டியாக வார்த்தவனையே உலகம் பார்க்கிறது. சுரங்கத்துப் பிள்ளைகளாகிய உங்களுக்கு இந்த உவமை விளங்கும்.

பி. கே. பானர்ஜி, சூனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம் என்று மூவரையும் சேர்த்துச் சொல்வது அன்றைய வழக்கம். 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக நாம் 2-க்கு 1 என்று மட்டுமே தோற்றோம். நம் கோலை அடித்தவர் பலராம். அந்த ஹங்கேரி அணியே அவ்வாண்டு வெண்கலப் பதக்கம் பெற்றது என்றால், அந்த ஒரு கோலின் மதிப்பை உணரலாம். அடுத்த ஆட்டத்தில் பிரான்சை 1-க்கு 1 என்று சமன் செய்தோம்.

பிறகு 1962. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-க்கு 0 என்று தோல்வி. பின்னர் தாய்லாந்தை வென்று, ஜப்பானையும் 2-க்கு 0 என்று வென்றோம். ஜப்பானுக்கு எதிரான கோல்களில் ஒன்று பலராமுடையது. அரையிறுதியில் தென் வியட்நாமை 3-க்கு 2 என்று கடந்தோம். செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதியாட்டம். எதிரணி மீண்டும் தென் கொரியா. அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள். விளையாட்டு விழாவை ஒட்டி எழுந்த அரசியல் சச்சரவால் கூட்டம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராக ஆரவாரம் செய்தது. பி. கே. பானர்ஜி ஒன்றும், தலைக்காயத்துடன் முன்னணியில் ஆடிய ஜர்னைல் சிங் ஒன்றுமாக முதல் இருபது நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்தன. 2-க்கு 1 என்று வென்று தங்கம் பெற்றோம். முன்னணியின் இடப்புறத்தில் பலராம். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ், அவரும் ஐதராபாத்தில் பிறந்த தமிழரே. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் பெற்றது 1951-இலும் 1962-இலும் மட்டுமே. அவ்வாண்டே பலராமுக்கு அர்ச்சுனா விருதும் கிடைத்தது.

மூச்சு

புகழின் உச்சியைச் சொல்லிவிட்டேன். இனிச் சொல்லப் போவது துன்பம்.

ஜகார்த்தா வெற்றிக்கு அடுத்த ஆண்டு, 1963. அந்த ஜூன் திங்களில் ரஹீம் புற்றுநோயால் மறைந்தார். பலராம் ஈஸ்ட் பெங்காலை விட்டுப் பி. என். ஆர். என்ற ரயில்வே அணிக்கு வந்திருந்தார். அந்நிலையில் நுரையீரலின் உறையைப் பற்றும் ப்ளூரிசி என்ற நோய் அவரைப் பற்றியது. ஓடுபவனுக்கு மூச்சே முதல். மூச்சு போனால் காலில் என்ன வித்தை இருந்து என்ன பயன்? முன்னணி வீரர் ஒருவர் முழு வலிமையோடு ஆட வேண்டிய 27-ஆம் வயதில் பலராமின் ஆட்டம் முடிந்தது.

நுரையீரல் நோய் என்பது இந்தக் குடியிருப்பில் அகராதியைப் பார்த்துப் பொருள் அறிய வேண்டிய சொல் அன்று. பாறைத் தூசி நெஞ்சில் படிந்து, நாற்பது வயதில் நாலு படி ஏற முடியாமல் திண்ணையில் அமர்ந்துவிட்ட தந்தையரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மூச்சு இறைக்கும் ஆண்மகன் தன்னை எவ்வளவு சிறியவனாக எண்ணிக்கொள்கிறான் என்பதை நாம் அறிவோம். நேற்று வரை லட்சம் பேர் முன்னே ஓடியவர் இன்று மாடிப்படியில் நிற்கிறார் என்றால், அந்த மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அவரைத் தாங்கியது எது? விருதா? கைத்தட்டலா? அல்ல. ரயில்வே வேலை. விளையாட்டு தந்த அந்த வேலைதான் விளையாட்டு போன பின்னும் அவருக்குச் சோறு போட்டது. ஆட முடியாதவர் ஆட்டத்தை விட்டு ஓடிவிடவில்லை. பயிற்சியாளராய் நின்று இளைஞரை உருவாக்கினார். பிறகு கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அமைதியாக வாழ்ந்தார்.

அந்த அமைதிக்குள் ஒரு வருத்தமும் இருந்தது. மூவருள் சூனி கோஸ்வாமிக்கும் பி. கே. பானர்ஜிக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பலராமுக்குக் கிடைக்கவில்லை. மற்ற இருவரும் தகுதியானவர்கள். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மூன்று கால் முக்காலியில் இரண்டு கால்களுக்கு மட்டும் பூண் கட்டி ஒன்றை விட்டுவிட்டதற்கு என்ன காரணம்? 2020-இல் ஒரே வேனிலில் பானர்ஜியும் கோஸ்வாமியும் மறைந்தனர். 2023, பிப்ரவரி 16-ஆம் நாள் பலராமும் மறைந்தார். ஆந்திரத்தார் நம்மவர் என்றனர். வங்காளத்தார் எம்மவர் என்றனர். தமிழரில் எத்தனை பேர் அவரைத் தமிழ்மகன் என்று அறிந்திருந்தோம்? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. மண்ணை விட்டு வந்தவனுக்கு நேரும் இடர் இது. இருந்த ஊர் அவனை வந்தவன் என்கிறது. பிறந்த குலத்தின் ஊர் அவனைப் போனவன் என்கிறது. இரண்டுக்கும் நடுவே அவன் பெயர் விழுந்துவிடுகிறது. அதை ஏந்திக்கொள்ளத்தான் நம்மைப் போன்ற சங்கங்கள் இருக்கின்றன.

நம் கணக்கு எங்கே?

இப்போது முன்னே சொன்ன கணக்குக்குத் திரும்புகிறேன்.

இந்தச் சுரங்கத்தில் எத்தனை கணக்குகள் இருந்தன! ஒரு டன் பாறைக்கு எத்தனை கிராம் தங்கம் என்று எழுதினார்கள். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவு தங்கம் எடுத்ததாகச் சொல்கிறார்கள். நம்மையும் கணக்கில் எழுதினார்கள், ஆனால் எப்படி? கைரேகை எடுத்துப் பதிவு செய்ய முற்பட்டார்கள். குற்றவாளிகளைப் போல ரேகை வைக்க மாட்டோம் என்று 1930-இல் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். பிறர் நம்மை எழுதும் ஏட்டுக்கு அன்று அவர்கள் மறுப்புச் சொன்னார்கள். நம்மை நாமே எழுதும் ஏடு ஒன்றை அதன் பிறகேனும் நாம் தொடங்கினோமா?

இந்தத் திடல்களில் எத்தனை பேர் ஆடினார்கள்! ஒரு ஷிப்டு முடித்துக் குழியிலிருந்து ஏறி, முகம் கழுவி, பந்தாட வந்தவர்கள் எத்தனை பேர்! மைசூர் இராச்சியம் 1946, 1952, 1967, 1968 ஆகிய பருவங்களில் சந்தோஷ் கோப்பையை வென்றது. ஒவ்வொரு முறையும் தோற்றது வங்காளம். அந்த வெற்றிகளைப் பேசிப் பேசி வளர்ந்த பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்! அவர்கள் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? ஷ்ரூஸ்பரி என்ற சிற்றூரில் நான்காம் பிரிவில் விழுந்த கோலுக்கு ஏடு உண்டு. நந்திதுர்க்கில் விழுந்த கோலுக்கு ஏடு இல்லை. ஆட்டம் தாழ்ந்ததாலா? அல்ல, எழுதும் கை இல்லாததால்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களோடு சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின் நம் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் திரும்புகிறார்கள். திடல் இருக்கிறது, மாலைப் பொழுது இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றே மிச்சம். சுரங்கத்து ஆட்டத்தை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்களோடு ஓர் ஊரின் நினைவும் மறைகிறது.

செய்ய வேண்டியவை

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். மூன்றும் பலராமின் வாழ்க்கையிலிருந்து எடுத்தவையே.

முதலாவது, ரஹீமின் ஒரு ரூபாய். ஆண்டு விழா வரவுசெலவில் மாலைக்கும் பந்தலுக்கும் தொகை ஒதுக்குகிறோம். அதில் ஒரு சிறு பங்கை, ஆடும் திறமையுள்ள பிள்ளைகளின் பயணச் செலவுக்கும் பூட்ஸுக்கும் ஒதுக்குவோம். பெங்களூரில் தேர்வு என்றால் போய்வர ரயில் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாடும் தருவோம். ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எண்ண வேண்டா. இன்று பெண் பிள்ளைகளும் நன்கு ஆடுகிறார்கள். வெள்ளிக் கோப்பை கொடுப்பது வென்றவனுக்குப் பெருமை. ரயில் கட்டணம் கொடுப்பது வெல்லப் போகிறவனுக்கு வாழ்வு.

இரண்டாவது, ஆட்டத்துக்குப் பின் வரும் வாழ்வு. பிள்ளை ஆடட்டும்; ஆனால் படிப்பை விடாமல் ஆடட்டும். ரயில்வேயிலும், வங்கியிலும், போலீசிலும், பட்டாளத்திலும் விளையாட்டு வீரர்க்கென ஒதுக்கிய இடங்கள் உண்டு. அவற்றுக்கு எப்போது மனுச் செய்வது, எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லச் சங்கத்தில் ஒருவர் இருக்கட்டும். பிள்ளைக்கு நெஞ்சு வலித்தால், மூச்சு இறைத்தால், ஆடி முடியட்டும் என்று மறைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தாய்மார்களிடம் இதைச் சிறப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, ஓர் ஏடு. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். வாரந்தோறும் இரண்டு இளைஞர் ஒரு பெரியவரைப் போய்க் காணுங்கள். எந்த ஆண்டு, எந்த அணி, எந்த இடத்தில் ஆடினீர், உடன் ஆடியவர் யார், மறக்க முடியாத கோல் எது என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதுங்கள். வீட்டுச் சுவரில் மங்கிக் கிடக்கும் குழுப் படத்தைப் பார்த்து, இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் கேட்டுச் சரிபாருங்கள். மெய்யை மட்டும் எழுதுங்கள். மிகைப்படுத்தினால் ஏடு கதையாகிவிடும். அடுத்த ஆண்டு மலரில் முதல் பகுதியாக அது அச்சாகட்டும்.

பெரியோர்களே! ஒரு ரூபாய் இல்லாமல் ஒரு பலராம் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். ஒரு வேலை இல்லாமல் 27 வயதுக்குப் பின் அவர் நிமிர்ந்து வாழ்ந்திருக்க மாட்டார். அவர் நாட்டுக்காக ஆடியதால் அவர் பெயரையேனும் நாம் இன்று சொல்ல முடிகிறது. நாட்டுச் சட்டை கிடைக்காமல், இந்த நந்திதுர்க் மண்ணில் ஆடி, இந்த மண்ணிலேயே மூச்சடங்கிய முன்னணி வீரர்களின் பெயரை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

அந்த ஏட்டின் முதல் பக்கத்தை இன்றிரவே தொடங்க, இங்கு அமர்ந்திருக்கும் முதியோர் மனம் வைக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!